இடைக்காலக் காதல் நாவல்களை ஒளித்துப் படிக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் ஏராளமாக வெளிவரும் இடைக்கால ஐரோப்பியக் காதல் நாவல்களை நான் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருகிறேன். கவசமணிந்த முரட்டு வீரன், அரச கட்டளையால் அவனுக்கு மனைவியாகும் கோட்டைக்குரிய பெண், சில நூறு பக்கங்களுக்குள் காதலாகக் கனியும் வெறுப்பு என்று செல்லும் இக்கதைகளைப் பலர் அட்டையை மறைத்துக்கொண்டு படிப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

இவற்றில் குறைகள் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெண் இன்றைய கல்லூரி மாணவியைப் போலப் பேசுகிறாள். அவள் அரைத்துப் பூசும் பச்சிலைக்கு ஆறாத வாள்காயமே இல்லை. ஆனால், எங்கும் நடக்காத கதை என்று இவற்றை ஒதுக்குவதை என்னால் ஏற்க இயலாது. சொத்துரிமை ஏதுமற்ற இளைய மகனாகப் பிறந்து, குதிரைமேல் ஈட்டி ஏந்திப் போட்டிகளில் வென்று பெயரெடுத்த வில்லியம் மார்ஷல், 1189இல் அரசரின் அனுமதியோடு, இங்கிலாந்தின் பெருஞ்செல்வ வாரிசுகளில் ஒருவரான இசபெல் டி கிளேரை மணந்தார். அவருக்கு வயது நாற்பதுக்கு மேல்; அவருக்கு மனைவியாகத் தரப்பட்ட இசபெல்லுக்கோ ஏறத்தாழ பதினேழு. இருவரும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து பத்துப் பிள்ளைகளைப் பெற்றார்கள் என்பது பதிவாகியிருக்கிறது; அவள் மனம் என்ன நினைத்தது என்பது பதிவாகவில்லை. கணவனை இழந்த பெண்ணை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1215ஆம் ஆண்டின் இங்கிலாந்து உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டா எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், அக்கட்டாயம் எவ்வளவு பரவலாக இருந்திருக்க வேண்டும்! நிலமும் பெண்ணும் சேர்ந்தே கைமாறிய அந்தக் காலத்தில் அவளுடைய விருப்பத்துக்கும் இடமளித்து எழுதப்படுபவை என்பதாலேயே இந்நாவல்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன.

மறைத்துப் படிக்கும் வழக்கமும் பழையதே. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் அவிலாவின் புனித தெரேசா, சிறுமியாக இருந்தபோது தம் தாயைப் போலவே வீரசாகசக் கதைகளில் மூழ்கி, தந்தைக்குத் தெரியாமல் இரவும் பகலும் படித்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி, அதைக் குறையாகவே கருதினார். இத்தகைய கதைகளை நையாண்டி செய்ய எழுதப்பட்ட, 1605இல் வெளியான ‘டான் குவிக்சாட்’ நாவலிலேயே, அவற்றைத் தீக்கிரையாக்கத் தீர்ப்பளிக்கும் பாதிரியார், ‘டிரான்ட் லோ பிளாங்க்’ என்ற ஒன்றை மகிழ்ச்சியின் புதையல் எனப் போற்றி, வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்குமாறு நாவிதரிடம் கொடுக்கிறார். நல்லதையும் மட்டமானதையும் பிரித்தறிந்த அந்தப் பாதிரியாரின் வாசிப்பு எனக்கு மிகவும் உவப்பானது.

தங்கள் நாளிதழின் நூல் மதிப்புரைப் பகுதியில் இவ்வகை நாவல்களுக்கும் அவ்வப்போது இடமளித்து, வரலாற்றை அக்கறையோடு கையாள்பவை எவை, வெறும் கோட்டைப் படத்தை அட்டையில் ஒட்டியவை எவை என்று எடுத்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.