திங்கட்கிழமை பூட்டியிருந்த கதவு: பயண நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

திருச்சிராப்பள்ளி,
5 ஜூலை 2024.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: 2024 ஜூன் 10 முதல் 18 வரையிலான ஐரோப்பியச் சுற்றுலாவில் நேர்ந்த சேவைக் குறைபாடுகள் – கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நானும் என் மனைவியும் தலைக்கு ரூ.2,70,000 வீதம் செலுத்தி, தங்கள் நிறுவனத்தின் ஒன்பது நாள் சுற்றுலாவில் சென்ற மாதம் கலந்துகொண்டோம். ஈஃபில் கோபுரமும் சுவிஸ் பனிமலையும் நாங்கள் முன்பே பார்த்தவை. போலந்தின் வியெலிச்கா உப்புச் சுரங்கம், செக் நாட்டின் செட்லெட்ஸ் எலும்புத் தேவாலயம், பாரிஸின் நிலத்தடி எலும்பறைகள் ஆகிய மூன்றும் ஒரே பயணத்தில் வருகின்றன என்று தங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்ததைப் பார்த்துத்தான், மற்ற நிறுவனங்களைவிடக் கட்டணம் கூடுதலாக இருந்தும் தங்களிடம் பதிவு செய்தோம். அந்த மூன்றில் ஒன்றை நாங்கள் பார்க்கவே இல்லை. இன்னொன்றை என் மனைவி பார்க்கவில்லை. மிச்சமிருந்ததை ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம்.

பாரிஸிலிருந்து தொடங்குகிறேன். ஜூன் 17 அன்று காலை பத்து மணிக்கு டென்ஃபெர் ரோஷ்ரோ சதுக்கத்தில் பேருந்திலிருந்து எங்களை இறக்கிவிட்டார்கள். எலும்பறைகளின் நுழைவாயில் பூட்டியிருந்தது. அன்று திங்கட்கிழமை. அந்த இடத்துக்குத் திங்கட்கிழமைதோறும் விடுமுறை என்பது அதன் அதிகாரபூர்வ இணையதளத்தில் வெளிப்படையாகவே உள்ளது. ஆனால் ஜூன் 25ஆம் தேதி தாங்கள் அனுப்பிய பதில் மின்னஞ்சலில், "எதிர்பாராத காரணத்தால் மூடப்பட்டிருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு முறை தவறாமல் வரும் திங்கட்கிழமை எந்த வகையில் எதிர்பாராதது என்பதைத் தாங்கள்தான் விளக்க வேண்டும். மேலும், இந்த இடத்துக்கு மார்ச் மாதமே சீட்டு எடுத்தாயிற்று என்று தங்கள் அலுவலகத்தில் எங்களிடம் சொன்னார்கள். அங்கே இணையவழிச் சீட்டுகள் ஏழு நாள்களுக்கு முன்புதான் விற்பனைக்கு வருகின்றன என்பதை ஊர் திரும்பிய பிறகே தெரிந்துகொண்டேன். அப்படியானால் சீட்டு எடுக்கப்படவே இல்லை என்றுதான் நான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்து இடுகாடுகள் நிரம்பி வழிந்து சுகாதாரக் கேடாக மாறியபோது, 1786 முதல் அங்கிருந்த எலும்புகளைப் பழைய கல் குவாரிகளுக்கு இடம் மாற்றினார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அங்கே உள்ளன. அதைப் பார்க்க 131 படிகள் இறங்கவும், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கவும் நான் ஆறு மாதமாகக் காலை நடைப்பயிற்சி செய்து தயாராகியிருந்தேன். "நில்! இங்கிருப்பது மரணத்தின் பேரரசு" என்று உள்ளே பிரெஞ்சு மொழியில் பொறித்திருக்கிறார்களாம், எங்களைத் தெருவிலேயே நிறுத்திவிட்டார்கள். தங்கள் சுற்றுலா மேலாளர் சதுக்கத்தின் நடுவிலுள்ள செப்புச் சிங்கத்தைக் காட்டி, "சார், இதோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். பிரெஞ்சுச் சிற்பி பார்த்தோல்டி வடித்த சிங்கத்தின் நகல் அது. நல்ல சிங்கம்தான், ஆனால் நாங்கள் பணம் கட்டியது அதற்கு அன்று. பிறகு எங்களை ஒரு வாசனைத் திரவியக் கடைக்கு அழைத்துச் சென்று, மூன்று மணி நேரம் அங்கேயே வைத்திருந்தார்கள். மறுநாள் அதிகாலையில் விமானம் என்பதால், செவ்வாய்க்கிழமை போய்ப் பார்க்கவும் வழியில்லை.

வியெலிச்காவில் நடந்தது இதைவிட வருத்தமானது. என் மனைவிக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. பதிவு செய்யும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டதற்கு, "லிஃப்ட் உண்டு மேடம், கவலை வேண்டாம்" என்று பதில் வந்தது. அதன் நகலை இணைத்துள்ளேன். அங்கே போன பிறகுதான், வழக்கமான பாதையில் லிஃப்ட் மேலே வருவதற்கு மட்டுமே என்பதும், கீழே போக முதலில் 380 மரப்படிகளை இறங்கியாக வேண்டும் என்பதும் தெரிந்தது. நடக்க இயலாதவர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டால் லிஃப்டிலேயே இறங்குவதற்குச் சுரங்க நிர்வாகம் வழி வைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டைத் தங்கள் தரப்பில் யாரும் செய்யவில்லை. என் மனைவி மூன்று மணி நேரம் மேலே ஒரு பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

கீழே போன எங்களுக்கு வாய்த்தது போலிஷ் மொழி வழிகாட்டி. மொழி வாரியாக, நேர வாரியாகச் சீட்டு விற்கும் இடத்தில், தாங்கள் எங்களுக்குப் போலிஷ் சுற்றுக்கான சீட்டை வாங்கியிருந்தீர்கள். நிலத்துக்கு 101 மீட்டர் கீழே, 54 மீட்டர் நீளத்தில் உப்பைக் குடைந்து அமைத்த புனித கிங்கா ஆலயம். உப்புப் படிகங்கள் தொங்கும் சரவிளக்குகள். சுவரில் இயேசுவின் கடைசி இராவுணவுச் சிற்பம். அவற்றைச் செதுக்கியவர்கள் அந்தச் சுரங்கத்திலேயே வேலை பார்த்த தொழிலாளர்கள் என்பதை, வெளியே வந்து நானே காசு கொடுத்து வாங்கிய ஆங்கிலச் சிறுநூலைப் படித்துத்தான் அறிந்தேன். வழிகாட்டி சைகை காட்டியதும் ஓரிடத்தில் சுவரை நக்கிப் பார்த்தோம். உப்புதான். அந்த இரண்டரை மணி நேரத்தில் எனக்கு முழுமையாகப் புரிந்தது அது ஒன்றே.

செட்லெட்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே ஒதுக்கிய நேரம் 50 நிமிடம். சீட்டு எலும்புத் தேவாலயத்தின் வாசலில் கிடைக்காது, பேராலயத்துக்கு அருகிலுள்ள தகவல் மையத்தில் வாங்கி வர வேண்டும் என்பது தங்கள் மேலாளருக்குத் தெரியாததால், பாதி நேரம் அலைச்சலில் போயிற்று. 1870இல் மரச்சிற்பி ஃபிரான்டிசெக் ரிண்ட் மனித எலும்புகளைக் கொண்டே அமைத்த சரவிளக்கையும், ஷ்வார்ட்சென்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்தின் சின்னத்தில் மண்டையோட்டின் கண்குழியைக் கொத்தும் காகத்தையும் பார்த்தேன். ரிண்ட் தம் பெயரையும் எலும்பாலேயே எழுதியிருக்கிறார்; அதைத் தேடுவதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். உள்ளே படம் எடுப்பது 2020 முதல் தடை செய்யப்பட்டிருக்க, "தாராளமாக எடுக்கலாம்" என்று மேலாளர் சொன்னதை நம்பி என் மனைவி கைபேசியை உயர்த்தினார். அத்தனை பேர் முன்னிலையில் அங்கிருந்த ஊழியர் அவரைக் கண்டித்தார். அன்று மாலை பிராக் நகரில் ஒரு கண்ணாடிப் பொருள் கடைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் தாராளமாகக் கிடைத்தது.

மேலாளர் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. அவர் இந்த இடங்களுக்கு வந்தது இதுவே முதல் முறை என்று அவரே ஒப்புக்கொண்டார். தெரியாத ஒருவரைத் தெரிந்தவர் என்று சொல்லி அனுப்பியது தங்கள் நிறுவனம்.

கட்டணத்தை ஒன்பது நாளுக்கு வகுத்தால் இருவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ரூ.60,000 ஆகிறது. பாரிஸ் நாளுக்கு முழுத் தொகையும், வியெலிச்கா நாளுக்குப் பாதியுமாக ரூ.90,000 திருப்பித் தருமாறு கோருகிறேன். செட்லெட்ஸுக்காகப் பணம் கேட்கவில்லை. என் மனைவியின் பெயருக்கு எழுத்துபூர்வமான வருத்தக் கடிதம் ஒன்று வந்தால் போதும். அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளுமாறு தாங்கள் அனுப்பிய ரூ.5,000 கூப்பன்கள் இரண்டையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயணியருள் ஒருவர்

இணைப்பு: கட்டண ரசீது, கையேட்டின் முதல் பக்கம், வாட்ஸ்அப் உரையாடல், போலிஷ் சுற்றுக்கான சீட்டு ஆகியவற்றின் நகல்கள், கூப்பன்கள் 2.