பயணச் செலவில் கை வைக்காதீர்கள்: டிரைவிங் கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

நிஜ நாடுகளையும் நிஜச் சாலைகளையும் வைத்து டிரைவிங் கேம் தயாரிக்கும் நிறுவனங்களில், எதற்குச் செலவு செய்யலாம், எதைக் குறைக்கலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் கேம்களை ஆண்டுக்கணக்கில் ஓட்டிவருகிறேன். ஓய்வு நேரத்தில் நானும் சின்னச் சின்ன மேப்களை, அதாவது கேமில் ஓட்டுவதற்கான சாலை உலகங்களை, போட்டுப் பார்க்கிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: மேப் உருவாக்குகிறவர்களை அந்தச் சாலைகளுக்கே நேரில் அனுப்புங்கள். செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வந்தாலும் பயணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கை வைக்காதீர்கள்.

"எல்லாம்தான் திரையிலேயே கிடைக்கிறதே, எதற்கு டிக்கெட் போட்டுப் போக வேண்டும்?" என்று உங்கள் கணக்குப் பிரிவு கேட்டால், அது நியாயமான கேள்விதான். காரில் கேமரா வைத்துச் சாலைகளைப் படமெடுத்துக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2007-லேயே வந்துவிட்டது. 2000-ல் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த நில உயரத் தரவு இன்று யாருக்கும் இலவசம். 2020-ல் வந்த விமானம் ஓட்டும் கேமான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், செயற்கைக்கோள் படங்களையும் வரைபடத் தரவுகளையும் கொண்டு பூமி முழுவதையுமே கட்டிக் காட்டியது. அந்தச் சாதனையை மனதாரப் பாராட்டுகிறேன்.

அதே கேமில்தான் மெல்போர்ன் புறநகர் ஒன்றில் 212 மாடிக் கோபுரம் முளைத்தது. பொதுமக்களே திருத்தும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரோ 2 மாடி என்று போட வேண்டிய இடத்தில் 212 என்று தட்டிவிட்டார்கள். ஆகாயத்தில் பறக்கிறவர் அதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடலாம். தரையில் ஓட்டுகிறவருக்கு உலகம் அவ்வளவு தள்ளி இல்லை. சாலையோரக் கம்பம், வளைவின் சாய்வு, பாலத்தின் மூட்டில் சக்கரம் ஏறும்போது எழும் சத்தம் என்று எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஆனால் தவறான தரவு பெரிய பிரச்சினை இல்லை, அதைத் திருத்திவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அளவுவிகிதம். லாரி ஓட்டும் கேமான யூரோ டிரக் சிமுலேட்டர் 2-ன் மேப் பெரும்பாலும் 1:19 அளவில் இருக்கிறது. அதாவது 19 கிலோமீட்டர் சாலைக்கு கேமில் ஒரு கிலோமீட்டர்தான் இடம். அமெரிக்கன் டிரக் சிமுலேட்டர் 2016-ல் 1:35 அளவில் வெளியாகி, அதே ஆண்டின் கடைசியில் 1:20-க்கு மாற்றப்பட்டது. கிடைத்த இடம் கூடியதும் அந்தச் சாலைகளுக்கு மூச்சு வந்தது. இருந்தும் 20-ல் 19 பங்கை விட்டாக வேண்டும். எதை விடுவது, எதை வைப்பது? அந்தக் கணக்கை எந்தத் தரவும் போட்டுத் தராது. அந்த 19 கிலோமீட்டரையும் ஓட்டி முடித்தவருக்குத்தான், இறங்கிய பிறகும் எந்த வளைவு மனதில் நிற்கிறது, எந்த நீட்சி சலிப்பூட்டியது, அந்தச் சலிப்பே அந்தச் சாலையின் குணமா என்பதெல்லாம் தெரியும்.

நார்வேயின் லார்டால் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையிலான சாலையில் 2000-ல் திறந்தார்கள், நீளம் 24.5 கிலோமீட்டர். கடந்து முடிக்கச் சுமார் 20 நிமிடம். இருட்டும் ஒரே மாதிரியான சுவரும் ஓட்டுநரைத் தூங்கவைத்துவிடும் என்பதால், ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு ஒன்றாக மூன்று பெரிய குகைகளைக் குடைந்து, அவற்றில் நீல வெளிச்சமும் ஓரங்களில் மஞ்சள் வெளிச்சமும் வைத்திருக்கிறார்கள். இதை அப்படியே 1:19-க்குச் சுருக்கினால் சுரங்கம் 1.3 கிலோமீட்டர்கூட வராது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். கால் நிமிடத்துக்கு ஒரு குகை வந்து போகும். அளவுகள் எல்லாம் துல்லியமாக இருக்கும், ஆனால் அந்தக் குகைகள் எதற்காக இருக்கின்றன என்பது காணாமல் போயிருக்கும். நேரில் ஓட்டியவர் என்ன செய்வார்? என் ஊகம் இது: மூன்றில் இரண்டைத் தைரியமாக எடுத்துவிடுவார். மீதி ஒன்றுக்கு முன்னால் முடிந்தவரை நீளமாக இருட்டை வைப்பார். அந்த நீல வெளிச்சம் எட்டிப் பார்க்கும்போது தனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது அவருக்கு நினைவிருக்கும். படங்களை மட்டும் பார்த்து வேலை செய்கிறவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

இன்னொன்று, பார்வை உயரம். அமெரிக்கச் சாலை வடிவமைப்பு நெறிகளில் கார் ஓட்டுநரின் கண் உயரத்தை 1.08 மீட்டர் என்றும், லாரி ஓட்டுநருடையதை 2.33 மீட்டர் என்றும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஸ்ட்ரீட் வியூ கேமராவோ காரின் கூரைக்கும் மேலே இருக்கிறது. இங்கிலாந்தின் டெவன் பக்கத்துச் சிறு சாலைகளில் இருபுறமும் மண்மேடும் வேலிச் செடியும் சுவர்போல நிற்கும். கேமரா அதைத் தாண்டி வயலைப் பார்த்துவிடும். கார் ஓட்டுகிறவருக்குத் தெரிவது பச்சைச் சுவரும், அடுத்த வளைவில் யார் வருகிறார்களோ என்ற பதற்றமும்தான். கேமராவின் கண்ணால் அந்தச் சாலையைச் செய்தால் அது அழகான கிராமக் காட்சியாகிவிடும், அந்தப் பதற்றம் வராது.

மேடுபள்ளமும் அப்படித்தான். நான் சொன்ன விண்கலத் தரவில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் சுமார் 30 மீட்டர். இருவழிச் சாலை ஒன்றின் அகலமே ஏழெட்டு மீட்டர்தான். மலையை வெட்டிச் சாலை போட்ட இடம், வளைவில் வெளிப்பக்கம் சற்றே தூக்கியிருக்கும் சாய்வு, ஓரத்து வடிகால் எதுவும் அதில் தெரியாது. புகைப்படமும் ஏற்றத்தைத் தட்டையாக்கிவிடும். ஜெர்மனியின் பந்தயத் தளமான நூர்பர்க்ரிங்கின் 20.8 கிலோமீட்டர் வடக்குச் சுற்றில் மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் சுமார் 300 மீட்டர் வித்தியாசம். படத்தில் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள். பந்தயத் தளங்களை லேசர் ஸ்கேன் செய்து மில்லிமீட்டர் கணக்கில் கொண்டுவருகிறார்கள். பொதுச் சாலைக்கு அந்த வசதியெல்லாம் வேண்டாம், ஒரு மனிதர் ஓட்டிப் பார்த்தால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

படம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் எல்லா இடத்திலும் பலிக்காது. ஜெர்மனியில் 2010-ல் 20 பெரிய நகரங்களுக்கு ஸ்ட்ரீட் வியூ வந்தது. அப்புறம் 2023 வரை புதிதாக எதுவும் வரவில்லை. அந்த ஆண்டுகளில் ஜெர்மனியின் நாட்டுப்புறச் சாலை ஒன்றைச் செய்ய நினைத்தவர் அங்கே போயிருந்தால், சாலையோரத்தில் 50 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் வெள்ளைக் கம்பங்களையும் அவற்றின் சாய்ந்த கறுப்புப் பட்டையையும் பார்த்திருப்பார். இப்படிப்பட்ட சின்ன விஷயங்கள்தான், ஊர்ப் பெயர்ப் பலகையைப் படிக்காமலே எந்த நாட்டில் இருக்கிறோம் என்று நமக்குச் சொல்கின்றன. இத்தாலியின் அதிவேகச் சாலைப் பலகை பச்சை, ஜெர்மனியில் நீலம், நார்வேயில் நடுக்கோடு மஞ்சள்.

போகிறவர்கள் அங்கே தினமும் ஓட்டுகிறவர்களிடம் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவின் கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை, சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஐசனோவர் சுரங்கத்தைக் கடந்து மேற்கே சில்வர்தோர்ன் நோக்கி இறங்குகிறது. பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் ஏறி நிற்பதற்காக அந்த இறக்கத்தில் சரளைப் பாதைகள் இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் அது வெறும் சரளைக் கோடு. எந்த இடத்தில் கியரைக் குறைப்பார்கள், எங்கே வரும்போது பிரேக் சூடாகி வாடை அடிக்கும், அந்தப் பாதையைப் பார்க்கும்போது வயிற்றில் என்ன செய்யும் என்பதையெல்லாம் ஒரு லாரி ஓட்டுநர் பத்து நிமிடப் பேச்சில் சொல்லிவிடுவார். துறைமுக வாசல், கல்குவாரி, கிடங்கின் பின்பக்கம் மாதிரி ஸ்ட்ரீட் வியூ கார் நுழையாத இடங்களுக்கும் அவர்தான் வழி. அங்கெல்லாம் அனுமதி கேட்டுவிட்டுப் படம் எடுக்கட்டும்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களால்தான் முடியும் என்று சொல்லாதீர்கள். 2016-ல் வந்த கார் பந்தய கேமான ஃபோர்ஸா ஹொரைசன் 3-க்காக, அதைத் தயாரித்த பிளேகிரவுண்ட் கேம்ஸ் நிறுவனம் ஆஸ்திரேலிய வானத்தையே கேமராவில் பிடித்துவந்து கேமில் வைத்தது. அது பெரிய கை. சின்ன நிறுவனத்துக்கு ஒரு ஆள், ஒரு வாடகை வண்டி, ஒரு டாஷ்கேம், பேசிப் பதிவுசெய்ய ஒரு போன் போதும். எல்லாச் சாலையையும் ஓட்ட வேண்டியதும் இல்லை. எந்தச் சாலைகள் அந்த நாட்டின் முகமோ, அவற்றை ஓட்டினால் சரி. முடிந்தால் இரண்டு பருவங்களில்.

ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். போகிறவரும் மேப் போடுகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ஒரு குழு போய்ப் படங்களை அள்ளிவந்து, வேறொரு குழு அவற்றைப் பார்த்துக் கட்டினால், பாதி விஷயம் வழியிலேயே தொலைந்துவிடும். திரும்பி வந்ததும் அவர்களுக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காமல், பார்த்ததை எழுதி முடிக்க அவகாசம் கொடுங்கள். அந்தக் குறிப்புகளில் கொஞ்சம் எங்களுக்கும் காட்டுங்கள். அடுத்த மேப் எந்த நாடு என்று அறிவிக்கும் அன்றே, அங்கே உங்கள் ஆட்கள் எந்தெந்தச் சாலைகளில் ஓட்டிவிட்டு வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சாலைகளில் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்