வெட்டுப்புள்ளி எப்ப வரும்? – பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பெரியோர்களுக்கு,

வணக்கம். திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் கொமியூனிகேஷன், போன் பேச இப்போது ஒருவரும் வருவதில்லை. போட்டோகொப்பி, லெமினேட், ரீலோட், அப்புறம் ஒன்லைன் விண்ணப்பம், இதுதான் பிழைப்பு. பல்கலைக்கழக விண்ணப்பம் கோரிவிட்டால் சில வாரங்களுக்குக் கடையில் நிற்க இடமிருக்காது. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் அனுமதிக் கைநூலைச் சுருட்டிப் பிடித்தபடி வருவார்கள். கூடவே தாயோ மாமாவோ வருவார். ஒவ்வொரு பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து மூன்று இலக்கமும் ஓர் எழுத்துமாக ஒரு குறியீடு இருக்கிறது. அந்த ஓர் எழுத்து மாறினால் யாழ்ப்பாணம் மாத்தறையாகிவிடும். ஆகவே பிள்ளை வாசிக்க நான் தட்டுவேன், தாய் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த வேலையில் எனக்குக் குறை இல்லை. குறை அதற்குப் பிறகு வருகிற காலத்தில்தான். விண்ணப்பத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு போன பிள்ளை இரண்டு மாதம் கழித்து ரீலோட் போட வரும். போகும்போது கேட்கும்: "அண்ணா, வெட்டுப்புள்ளி எப்ப வரும்?" ஒரு பாடநெறிக்குத் தெரிவாகக் குறைந்தது எவ்வளவு புள்ளி வேண்டும் என்ற அறிவிப்பைத்தான் கேட்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் கணினி வைத்திருக்கிறவனுக்குத் தெரிந்திருக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். முகநூலில் யாரோ "அடுத்த கிழமை" என்று போடுவார்கள். அந்தக் கிழமை முழுக்க என் கடை வாசலில் ஆள் குறையாது.

தெரிவு எப்படி நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாத விசயமல்ல. திருகோணமலைத் தகப்பன்மாருக்கு மற்றக் கணக்கு வராவிட்டாலும் இது வரும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, மிச்ச 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் எங்கள் மாவட்டமும் ஒன்று. இசட் புள்ளியை, அதாவது வேறு வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடுவதற்காகக் கணிக்கிற எண்ணை, தசமத்துக்குப் பிறகு நான்கு இலக்கம் வரை வைத்துப் போட்டி நடக்கிறது. முதலில் நிற்கிற பிள்ளை மருத்துவத்துக்குப் போனால்தான் பின்னால் நிற்பவருக்கு விவசாயமா சித்த மருத்துவமா என்று தெரியும். எல்லோருடைய விருப்ப வரிசையும் கைக்கு வராமல் ஒருவருக்கும் பதில் சொல்ல முடியாது. இது விளங்குகிறது.

அவசரப்படச் சொல்லவும் இல்லை. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதிய பிள்ளைகளை ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி போட்டு, அது உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் திரும்பக் கணிக்க வேண்டி வந்தது. அந்த வருடத்துப் பிள்ளைகள் பட்ட பாட்டை நான் கடையிலிருந்தே பார்த்தவன். பிழையான பதிலைவிடப் பிந்திய பதில் நல்லது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இடையில் அடுத்த பரீட்சை வந்து நிற்கிறதே, அதற்கு என்ன செய்வது?

கொவிட்டுக்குப் பிறகு பரீட்சையின் வருடமும் நாட்காட்டியின் வருடமும் ஒன்றோடொன்று முகம் பார்ப்பதை விட்டுவிட்டன. 2021ஆம் ஆண்டு உயர்தரம் 2022 பெப்ரவரியில் தொடங்கியது. பெறுபேறு அந்த ஓகஸ்ட் கடைசியில் வந்தது. அடுத்த பரீட்சை 2023 ஜனவரி 23இல். அதன் பெறுபேறு 2023 செப்டெம்பர் 4இல் வந்தது, அதற்கடுத்த பரீட்சையோ 2024 ஜனவரி 4இல். அதாவது முழுசாக நான்கு மாதம். மீளாய்வு, கைநூல், விண்ணப்பம், கணிப்பு எல்லாம் பெறுபேற்றுக்குப் பிறகுதான் நடக்கவேண்டும். அடுத்த பரீட்சைக்கான விண்ணப்பமோ பரீட்சைக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும்.

இந்த நிலையில் கரையில் நிற்கிற ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். போன வருடத்து வெட்டுப்புள்ளிக்கு ஒரு மயிரிழை கீழே. கிடைத்தாலும் கிடைக்கும். இரண்டாம் தடவை எழுதுவதா? எழுதுவதென்றால் மூன்று பாடத்துக்கும் ரியூசன் காசு, திரும்பவும் இரவு இரண்டு மணி வரை விழிப்பு. எழுதாமல் விட்டுக் கிடைக்காமல் போனால் ஒரு வருடம் போச்சு. அனுமதிக்குக் கணக்கெடுப்பது மூன்று தடவையைத்தான். அதில் ஒன்றை அரை மனதோடு எழுதித் தொலைக்கவும் பிள்ளைக்கு மனம் வராது. கன்னியாப் பக்கத்துத் தம்பி ஒருவன் என்னிடமே சொன்னான், "அண்ணா, இல்லை என்று சொன்னாலும் பரவாயில்லை, படிக்கத் தொடங்கிடுவன்" என்று. அவன் பகலில் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை. வெள்ளைக்காரருக்குப் புறாமலைத் தீவுக்குப் படகு பிடித்துக் கொடுப்பான். சீசன் முடிந்தது, வேலையும் முடிந்தது, பதில் மட்டும் வரவில்லை. இன்னொரு குடும்பம் நகையை அடகு வைத்து ஒரு தனியார் பட்டப் படிப்புக்கு முதல் தவணை கட்டியது. பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகம் கிடைத்தது. கட்டிய காசு கட்டியதுதான்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கல்ல, இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு. போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து "இது எனக்குக் கிடைக்காது" என்று உங்கள் உண்மையான விருப்பத்தைக் கீழே தள்ளாதீர்கள். வரிசையில் மேலே இருப்பது கிடைக்காவிட்டால்தான் அடுத்ததைப் பார்ப்பார்கள். மேலே போட்டதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. நான் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை, மாமா சொன்னால்தான் நம்புகிறார்கள். மாமாமார் பெரும்பாலும் பிழையாகவே சொல்கிறார்கள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். லண்டனில் இருக்கிற என் மச்சாளின் மகனுக்குப் பரீட்சை எழுத முன்னரே பல்கலைக்கழகம் இடம் தருவதாகச் சொல்லிவிட்டது, இன்ன பெறுபேறு எடுத்தால் வா என்று. ஓகஸ்ட் நடுவில் பெறுபேறு வந்த அன்றே எங்கே போகிறான் என்று தெரிந்துவிட்டது. அங்கே ஆசிரியர்கள் ஊகித்துக் கொடுக்கும் பெறுபேற்றை வைத்துத்தான் அந்த முன்வாக்குறுதி. இங்கே அது சரிவராது. ஊகம் என்று வந்தால் யாருடைய பிள்ளை என்ற கேள்வியும் கூடவே வரும். எங்கள் முறையில் ஆள் முகம் பார்க்காத ஓர் எண் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.

கடன் வாங்குவதென்றால் இந்தியாவின் ஐ.ஐ.டி. அனுமதியிலிருந்து ஒன்றை வாங்கலாம். அங்கும் பரீட்சைப் புள்ளிதான், அங்கும் விருப்ப வரிசைதான். ஆனால் இடங்களைப் பல சுற்றுகளாக ஒதுக்குகிறார்கள். எந்தச் சுற்று எந்தத் திகதியில் என்பது தொடங்க முன்னரே அட்டவணையாக வந்துவிடும். இடம் கிடைத்த பிள்ளை "இது போதும்" என்று நிறுத்தலாம், அல்லது கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம்.

நான் கேட்பது அந்த அட்டவணையை. கைநூல் வெளியிடுகிற அன்றே வெட்டுப்புள்ளி வரும் திகதியையும் அதில் அச்சிடுங்கள். புயலோ வெள்ளமோ வந்து தள்ளிப்போனால் புதுத் திகதியைச் சொல்லுங்கள், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலால் பரீட்சையே பாதியில் நின்று, மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போனபோது பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொண்டார்கள்தானே? வெட்டுப்புள்ளி வரும் திகதி அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முடிவுத் திகதிக்கு முன்னதாக இருக்கவேண்டும். அது உங்கள் கையில் மட்டும் இல்லை, பரீட்சைத் திணைக்களமும் சேர்ந்து உட்காரவேண்டும் என்பது தெரியும். அப்படியானால் சேர்ந்து உட்காருங்கள்.

தெரிவானவர்கள் வராமல் விட்ட இடங்களுக்கு அடுத்தவர்களை எடுக்கிற வெற்றிடம் நிரப்புவதைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதிகம் அழுகை பார்த்தது அதில்தான். முதல் சுற்றில் பெயர் வராத பிள்ளை பிறகு பார்ப்பதை விட்டுவிடும். மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி அண்ணனுக்கு அடையாள அட்டைப் பிரதி எடுக்க வந்தாள். சும்மா பார்ப்போமே என்று அவளுடைய எண்ணைத் தட்டிப் பார்த்தேன். வெற்றிடத்தில் தெரிவாகியிருந்தாள். பதிவுக்கு அன்றுதான் கடைசி நாள். விண்ணப்பத்தில் கொடுத்த போன் இலக்கம் அண்ணனுடையது, அவன் கட்டார் போகும்போது அந்தச் சிம் செத்துவிட்டது. வங்கி மூட இருபத்தைந்து நிமிடம் இருந்தது. நான் கடையை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அன்று அவள் போட்டோகொப்பிக்கு வராமல் இருந்திருந்தால் அந்த இடம் வேறொருவருக்குப் போயிருக்கும், அவளுக்கு அது தெரிந்தே இருக்காது. எத்தனை சுற்று, எந்தெந்த நாள், பதிவுக்கு எத்தனை நாள் என்று முன்கூட்டியே இருந்தால் பிள்ளைகள் அந்த நாளில் தாங்களாகவே வந்து பார்ப்பார்கள். பதிவுக்குக் குறைந்தது இரண்டு கிழமை வேண்டும்.

நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. தென்பகுதியிலிருந்து வருகிற பிள்ளைகள் இரவு ரயிலில் வந்து இறங்கி, காலையில் என் கடையில்தான் போர்டிங் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். பேச்சுக் கொடுத்தால் அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், எங்கள் பிள்ளைகள் தமிழில் கேட்டதை அவர்கள் சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள்.

இந்த மடலைக் கடைக் கணினியில் தட்டிக்கொண்டிருக்கும்போதே உப்புவெளியிலிருந்து ஒரு தாய் வந்து கேட்டுவிட்டுப் போகிறார். வழக்கம்போல "இன்னும் அறிவிக்கேல்ல அக்கா" என்றுதான் சொன்னேன்.

இப்படிக்கு,
பஸ் நிலையத்தடிக் கடைக்காரன்,
திருகோணமலை.