டிரம் கழுவிய தண்ணீரை ஏன் கொட்டுகிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

புறநகர்க் கிணறுகளிலிருந்து கட்டுமானத்துக்காக லாரி லாரியாகத் தண்ணீர் போவது பற்றிய செய்தி படித்தேன். அதில் ஒரு பங்கு எங்கே போய்ச் சேருகிறது என்பதை அறிந்தவன் நான். கான்கிரீட்டைக் கலந்து வண்டியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் ஆலைகளில் 18 ஆண்டுகள் தரக்கட்டுப்பாடு பார்த்தவன்.

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 160, 170 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். செலவு அதோடு முடிவதில்லை. வண்டி காலியாகித் திரும்பியதும், கலவை சுழன்றுவந்த டிரம்மைக் கழுவியாக வேண்டும். கழுவாமல் விட்டால், உள்ளே இறுகியதை ஆளை இறக்கி உடைத்துத்தான் எடுக்க வேண்டும் (வெயில் காலத்தில் அந்த வேலையை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது). ஒவ்வொரு கழுவலுக்கும் சில நூறு லிட்டர் போகும். வெளியே வருவது சிமெண்ட் பால், காரத்தன்மை பி.எச். 12-ஐ ஒட்டி நிற்கும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் அதைப் பின்பக்க ஓடையில் விட்டார்கள். கரை புல் பூண்டில்லாமல் வெள்ளை வெளேரென்று இறுகிக் கிடந்தது.

அடுத்த ஆலையில் வரிசையாக மூன்று தொட்டிகள். முதலாவதில் மணலும் ஜல்லியும் தங்கும், அடுத்ததில் சேறு படியும், மூன்றாவதில் தெளிந்து நிற்கும் நீரைக் கலவைக்கே திருப்புவோம். கண்ணை மூடிக்கொண்டு ஊற்ற முடியாது என்பது உண்மை. நுண்துகள் கூடினால் கலவையின் இளக்கம் குறையும், சீக்கிரம் இறுகும். அதனால் தினமும் நீரின் அடர்த்தியை அளந்து, நல்ல தண்ணீரோடு கலப்போம். கம்பி கட்டும் கான்கிரீட் என்றால் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோரப் போர்வெல் நீரைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் ஆலை இதில் அசட்டையாக இருக்க முடியாது.

இவ்வளவும் செய்தும், வாடிக்கையாளரின் பொறியாளர் பார்வையிட வருகிறார் என்றால் தெளிந்த நீரைத் திருப்பும் பம்ப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் லாரியை வரவழைப்போம். ஒப்பந்தத்தில் ‘குடிநீர் மட்டும்’ என்று இருக்கும். கேட்டால், கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 என்பார்கள். 2000-ஆம் ஆண்டின் அந்த விதிநூல் சொல்வது, குடிக்கத் தகுந்த நீர் பொதுவாகக் கான்கிரீட்டுக்கு ஏற்றது என்பதுதான். ‘மட்டும்’ என்ற சொல் அதில் இல்லை. பி.எச். 6-க்குக் குறையக் கூடாது என்கிறதே தவிர, மேல் வரம்பு எதுவும் வைக்கவில்லை. சந்தேகமான நீராக இருந்தால் சோதிக்க வழியும் சொல்கிறது: அந்த நீரில் வார்த்த கியூப்களின் (சோதனைக்கான கான்கிரீட் கனசதுரங்கள்) 28 நாள் வலிமை, காய்ச்சி வடித்த நீரில் வார்த்தவற்றின் வலிமையில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஐரோப்பாவின் ஈ.என். 1008 தரவிதி, கான்கிரீட் ஆலையில் மீட்ட நீருக்கென்றே வரம்புகள் வகுத்து 2002-லேயே வந்துவிட்டது.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோதுகூட ஒப்பந்தத்தின் ‘மட்டும்’ என்ற சொல்லை யாரும் தொடவில்லை. பெங்களூரு 2024 மார்ச்சில் கட்டுமானத்துக்குக் குடிநீரைத் தடைசெய்தது. அப்படி முழுத் தடை போடச் சொல்லவில்லை நான். அரசு டெண்டர்களில் ‘குடிநீர் மட்டும்’ என்பதை அடித்துவிட்டு, ‘ஐ.எஸ். 456 வரம்புக்கு உட்பட்ட நீர்’ என்று எழுதட்டும். கூடவே, ஆலைகள் மாதாமாதம் நீர்ச் சோதனை முடிவை வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்,
தாம்பரம்.