காய்ச்சலை மறைக்க வேண்டாம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

திருப்பூர்
ஜூன் 2025

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

பள்ளி திறந்த நாளிலிருந்து, காலையில் வாசலில் நிற்கும்போது உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "மறுபடியும் கொரோனா வந்துருச்சாமாங்க, ஸ்கூல மூடிருவாங்களா?" பள்ளிகளை மூடுவது பற்றி அரசு எதுவும் சொல்லவில்லை. மூட வேண்டிய நிலைமையும் இல்லை. அந்தக் கவலையை முதலில் இறக்கி வைத்துவிட்டு மீதிக் கடிதத்தைப் படியுங்கள்.

மே மாதத்திலிருந்து தொற்று கூடியிருப்பது உண்மைதான். இந்த மாத நடுவில் நாடு முழுவதும் சிகிச்சையில் இருந்தவர்கள் 7,000 பேரைத் தாண்டினார்கள். 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல் புதிதாகத் தொற்று வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஒரு நாள் எண்ணிக்கை 36,000 வரை போனது. ஆக்சிஜன் படுக்கை கிடைக்காமல் மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற மாதம் அது. அந்த நினைவு இன்னும் நம் எல்லோருக்குள்ளும் இருப்பதால்தான், டிவியில் 'புதிய வகை' என்று கேட்டதும் வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பள்ளியிலேயே அந்த ஆண்டு அப்பாவையோ தாத்தாவையோ இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது செய்திகளில் அடிபடும் என்பி.1.8.1, எல்எஃப்.7 இரண்டும் ஒமைக்ரான் குடும்பத்தைச் சேர்ந்தவை. என்பி.1.8.1 ஏப்ரல் மாதத்திலேயே தமிழ்நாட்டில் ஒருவரிடம் கண்டறியப்பட்டது. இந்த வைரஸ் நம் உடம்பில் பெருகும்போது, சுமார் 30,000 எழுத்து நீளமுள்ள தன் மரபணுவைத் திரும்பத் திரும்ப நகல் எடுக்கிறது. அப்போது அங்கங்கே பிழை விழும். பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆகாது. எப்போதாவது ஒரு பிழை, வைரஸின் மேல்புறத்தில் இருக்கும் முள் புரதத்தின் வடிவத்தை மாற்றிவிடும். முன்பு வந்த தொற்றோ தடுப்பூசியோ நமக்குத் தந்த எதிர்ப்பொருள்கள் அதைச் சட்டென்று அடையாளம் காணாது. அதனால்தான் ஏற்கெனவே வந்தவர்களுக்கும் மறுபடி வருகிறது. ஆனால் பழைய பாதுகாப்பு முழுதாகப் போய்விடுவதில்லை. காய்ச்சல், தொண்டை வலி, உடல் வலி என்று சில நாள் படுத்தினாலும், பெரும்பாலானோருக்கு நோய் முற்றாமல் காப்பது அந்தப் பாதுகாப்புதான். உலக சுகாதார நிறுவனம் மே 23 அன்று என்பி.1.8.1 வகையைக் கண்காணிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. மற்ற ஒமைக்ரான் வகைகளைவிட இதனால் கூடுதலாக வரும் ஆபத்து குறைவுதான் என்றும் அப்போதே சொன்னது.

"எம் பையனுக்கு வந்தது எந்த வகைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுங்க?" என்று ஒரு அப்பா கேட்டார். மருத்துவமனையில் எடுக்கும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை, தொற்று இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். வகையைக் கண்டுபிடிக்க மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். அதற்காகவே 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மாநில அரசு ஓர் ஆய்வகத்தை அமைத்தது. அந்த வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எந்த வகையாக இருந்தாலும் வீட்டில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காய்ச்சல் இருந்தால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

சில நாள் முன்பு ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்றாவது பீரியடில் பெஞ்சிலேயே தலை சாய்த்துவிட்டான். காலையில் ஏழரை மணிக்குப் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பதினொரு மணிக்கு மாத்திரையின் வேகம் இறங்கியதும் உடம்பு அனலாய்க் கொதித்தது. தெர்மாமீட்டர் 102 காட்டியது. போன் செய்தவுடன் அவன் அம்மா செக்கிங் டேபிளிலிருந்து அப்படியே எழுந்து ஓடி வந்தார். துப்பட்டா முழுக்கப் பனியன் பஞ்சு. "லீவு போட்டா டெஸ்ட் மார்க் போயிருமுன்னு அவனே அழுதானுங்க சார். அதுபோக, கொரோனான்னு சொல்லி ஒதுக்கி வெச்சிருவாங்களோன்னு எனக்கும் பயமுங்க" என்றார். பையனுக்கு வந்தது சாதாரண வைரஸ் காய்ச்சல், மூன்று நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அவன் திரும்பி வந்த அன்று பக்கத்து பெஞ்சுக்காரர்கள் இரண்டு பேர் அவனைக் 'கொரோனா' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், நம் பள்ளியில் ஒரு வகுப்புக்கே தொற்று வந்துவிட்டதாகவும் நிர்வாகம் மறைப்பதாகவும் ஓர் ஆடியோ சுற்றியது. அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பயந்ததுதானே அவர் பிள்ளைக்கு நடந்தது?

நோயைச் சொன்னவரை ஒதுக்கினால், அடுத்தவர் சொல்ல மாட்டார். நாடுகளுக்கிடையிலும் இதுதான் நடந்திருக்கிறது. 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா, தான் கண்டுபிடித்த ஒரு புதிய வகையைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. போட்ஸ்வானா ஆய்வகமும் அதைக் கண்டிருந்தது. இரண்டே நாளில் அதற்கு ஒமைக்ரான் என்று பெயர் வந்தது. மறைக்காமல், காலம் தாழ்த்தாமல் அவர்கள் சொன்னதால்தான் மற்ற நாடுகள் உஷாராக முடிந்தது. அதற்கு அவர்களுக்குக் கிடைத்தது என்ன? பிரிட்டன், ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா என வரிசையாக அந்தப் பகுதிப் பயணிகளுக்குக் கதவைச் சாத்தின. பிறகுதான் தெரிந்தது, தென்னாப்பிரிக்கா சொல்வதற்கு முன்பே, நவம்பர் 19 அன்று நெதர்லாந்தில் எடுத்த மாதிரியிலேயே அந்த வகை இருந்தது என்று. கண்டுபிடித்துச் சொன்ன நாடுகளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும், தண்டித்திருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் வெளிப்படையாகவே சொன்னார்.

நம் ஊர்களில் நாம் செய்ததும் நினைவிருக்கும். 2020ல் தொற்று வந்த வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சில தெருக்களில் தகரம் வைத்தே அடைத்தார்கள். அந்த வீட்டுக்குப் பால்கூடப் போகவில்லை. வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி, அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. சென்னையில் தொற்றால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல், ஆம்புலன்ஸ் மீது கல் எறிந்தது ஒரு கூட்டம். ஊருக்கு வைத்தியம் பார்த்தவருக்கே அந்தக் கதி என்றால், சாதாரண ஜனங்கள் காய்ச்சலை வெளியே சொல்ல எப்படித் துணிவார்கள்? அந்தக் காலத்தில் பரிசோதனைக்கு வராமல் வீட்டுக்குள்ளேயே கிடந்து, மூச்சுத்திணறல் வந்த பிறகு மருத்துவமனைக்கு ஓடியவர்களை நானே பார்த்திருக்கிறேன். நோயைவிட அவமானத்துக்குப் பயந்தவர்கள் அவர்கள்.

நம் பள்ளியில் அது வேண்டாம். ஆசிரியர்களோடு பேசிச் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம்.

காய்ச்சலுக்காக எடுக்கும் விடுப்புக்கு முதல் மூன்று நாள் மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. வகுப்பாசிரியருக்குப் போன் செய்து சொன்னால் போதும். அந்த நாட்களில் விட்டுப்போன வகுப்புத் தேர்வை, பிள்ளை திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் தனியாக வைப்போம். ஒரு மதிப்பெண்கூடக் குறையாது. வகுப்புக் குறிப்புகளைப் படம் எடுத்து அனுப்புவோம். ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டு மாணவர் மூலம் நோட்டு வரும். மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம். இருமல் மட்டும் மிச்சமிருந்தால் சில நாள் முகக்கவசம் போட்டு அனுப்புங்கள்.

ஆண்டு விழாவில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவர்களுக்குக் கொடுத்து வந்த கோப்பை இந்த ஆண்டு முதல் கிடையாது. இதில் சிலருக்கு வருத்தம் இருக்கும், குறிப்பாக மூன்று ஆண்டு தொடர்ந்து வாங்கியவர்களின் வீட்டில். ஆனால் உடம்பு முடியாத பிள்ளை அந்தக் கோப்பைக்காக எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது எனக்கு எளிது. பனியன் கம்பெனியில் ஒரு நாள் போகாவிட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா டையிங்கிலும் அம்மா தையலிலும் இருக்கும் வீட்டில், காய்ச்சல்காரப் பிள்ளையை யார் பார்ப்பது? வெளியூரிலிருந்து, வெளி மாநிலத்திலிருந்து வந்து குடியிருக்கும் குடும்பங்களுக்குப் பாட்டியும் பக்கத்தில் இல்லை. இதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. நூலகத்துக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து, ஜன்னல்களைப் பழுது பார்த்து, இரண்டு கட்டில் போட்டிருக்கிறோம். வகுப்பில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால், நீங்கள் ஷிஃப்ட் முடித்து வரும் வரை பிள்ளை அங்கே படுத்திருக்கலாம். ஓர் ஆசிரியர் உடன் இருப்பார். நீங்கள் பாதியில் ஓடி வர வேண்டாம். மூச்சு வாங்குவதும், தண்ணீர்கூட உள்ளே இறங்காததும், காய்ச்சல் ஏறிக்கொண்டே போவதும் வேறு விஷயம். அப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவோம். காலையிலேயே காய்ச்சல் இருந்து, வீட்டில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்றாலும் மறைக்காமல் சொல்லி அனுப்புங்கள். மாத்திரை கொடுத்திருந்தால் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று டைரியில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் நாங்கள் இன்னொரு மாத்திரை கொடுத்துவிட்டால் அது பிள்ளைக்கு ஆபத்து.

பிள்ளைகளைவிட எனக்குப் பெரிய கவலை, அவர்கள் வீடு திரும்பும்போது மடியில் ஏற்றிக்கொள்ளும் தாத்தா பாட்டிகளைப் பற்றித்தான். இந்த வகைகளால் குழந்தைகளில் பெரும்பாலானோர் சில நாளில் தேறிவிடுவார்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ள முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. பிள்ளைக்குச் சளி இருக்கும் நாட்களில் அவர்கள் தனியாகப் படுக்கட்டும்.

தடுப்பூசி பற்றியும் கேட்டீர்கள். நம் நாட்டில் 12 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போடப்படவில்லை, அதனால் இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் போட்டிருக்க மாட்டார்கள். அதற்காகக் கலங்க வேண்டாம். 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய ஆய்வில், 6 முதல் 9 வயதுக் குழந்தைகளிலேயே பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் இருந்தன. தடுப்பூசி இல்லாமலே, தெரிந்தோ தெரியாமலோ தொற்று வந்து போயிருந்தது. கஷாயம் கொடுப்பவர்கள் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. கஷாயம் கொடுத்தாயிற்று என்று காய்ச்சலோடு அனுப்புவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வாட்ஸ்அப் ஆடியோக்களைப் பற்றி. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பு வந்து, அதற்கடுத்த நாள் காலமானார். அவர் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. இரண்டாம் அலை வீசிய மாதங்கள் அதற்குள் கடந்துபோயின. எத்தனை பேர் பயந்து ஊசி போடாமல் இருந்தார்கள் என்று உங்கள் தெருவிலேயே உங்களுக்குத் தெரியும். பதில் தாமதமானால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும், எந்த வகுப்பில் எத்தனை பேர் காய்ச்சல் விடுப்பில் இருக்கிறார்கள், யாருக்காவது தொற்று உறுதியானதா என்பதை அறிவிப்புப் பலகையிலும் குழுவிலும் போடுவோம். பெயர் போட மாட்டோம். பெயரைக் கேட்டு யாரும் ஆசிரியர்களை வற்புறுத்தாதீர்கள்.

இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 2020ல் அவர்கள் ஒன்றாம் வகுப்பு. அந்த ஆண்டு முழுவதும் வகுப்பறையைப் பார்க்காமலே தேறியவர்கள். 2021 நவம்பர் 1 அன்று முதல்முறை பள்ளிக்குள் வந்தபோது இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தார்கள். இரண்டே மாதத்தில், ஜனவரியில் ஒமைக்ரானுக்காக மறுபடி மூடினோம். அவர்களில் சிலர் இன்றும் சத்தம் போட்டு வாசிக்கத் தயங்குகிறார்கள், கூட்டல் வரும்போது விரலை மேசைக்கு அடியில் மறைத்து எண்ணுகிறார்கள். தன்னார்வலர்கள் மாலையில் நடத்திய இல்லம் தேடிக் கல்வி வகுப்புகள் பெரிய உதவியாக இருந்தன. ஆனாலும் அந்த இடைவெளி இன்னும் முழுதாக அடைபடவில்லை. ஒரு பிள்ளை மூன்று நாள் வீட்டில் இருப்பதால் ஒரு வகுப்பே திறந்திருக்கும் என்றால், அந்த மூன்று நாளை நாம் மகிழ்ச்சியோடு தரலாம்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். சனிக்கிழமை வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது என்பதால் ஞாயிறு. அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு மருத்துவரை அழைத்திருக்கிறோம், உங்கள் கேள்விகளை அவரிடம் நேரில் கேட்கலாம். கோப்பையை நிறுத்தியதில் உடன்பாடு இல்லாதவர்களும் வந்து பேசுங்கள். இணைத்திருக்கும் தாளில், வேலை நேரத்தில் உங்களைப் பிடிக்கக்கூடிய இரண்டு போன் எண்களை எழுதி, திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்