சட்டத்துக்குள் அடங்காத காட்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி விளையாட்டுகளின் மலைகளும் காடுகளும் நிஜ இயற்கைக்கு ஈடாகிவிட்டன என்ற கட்டுரையை வாசித்தேன். ஒப்பீடு தவறான இடத்தில் தொடங்குகிறது. நிறமும் கூர்மையும் அல்ல இங்கே கேள்வி.

ஓவியத்துக்குச் சட்டம் (பிரேம்) உண்டு, இயற்கைக்கு இல்லை என்று 1966ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் தத்துவ அறிஞர் ரொனால்ட் ஹெப்பர்ன் சுட்டிக்காட்டினார். பார்ப்பவர் காட்சிக்கு எதிரே நிற்பதில்லை, உள்ளேயே நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் கேட்கும் நீரோசை, காலடி ஈரம், திசை மாறும் காற்று எல்லாம் கண்முன் இருப்பதைத் திருத்திக்கொண்டே இருக்கும். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பயணிகள் 'கிளாட் கண்ணாடி' என்ற கருஞ்சாயமேற்றிய சிறு குவியாடியைக் கையில் பிடித்து, மலைக்கு முதுகைக் காட்டி நின்று, அதன் பிம்பத்தை ஓவியம்போல் ரசித்தார்கள். இன்று கைபேசி அதே வேலையைச் செய்கிறது. அதன் அகலக்கோண லென்ஸில், எதிரே ஓங்கி நிற்கும் மலை சிறு மேடாகச் சுருங்கிவிடும். முன்னால் ஒரு பாறையோ மரமோ இல்லாவிட்டால் அளவே பிடிபடாது.

விளையாட்டில் தெரியும் தொலைமலை பல நேரம் வானத்தோடு ஒட்டிய வெறும் படம். எவ்வளவு நடந்தாலும் நெருங்காது. தூரத்து மூடுபனியும் பெரும்பாலும் இன்னும் வரையப்படாத நிலத்தை மறைக்கும் திரைதான்.

அதற்காக டிஜிட்டல் நிலத்தை மட்டமென்று ஒதுக்க வேண்டாம். அங்குள்ள ஒவ்வொரு கல்லும் யாரோ வைத்தது, அல்லது யாரோ எழுதிய விதிப்படி முளைத்தது. ஆகவே அதைத் தோட்டக்கலையைப் போல மதிப்பிடுவதே நியாயம்: பாதை எங்கே வளைகிறது, எந்தத் திருப்பத்தில் கோபுரம் தலைகாட்டுகிறது, ஒளி கண்ணை எங்கே இழுக்கிறது? காட்டிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது. அங்கே ஒரு மரம் சாய்ந்திருந்தால், காரணம் காற்றும் மண்ணும் வெளிச்சமும்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்