கொழுந்து வண்டியின் முன்சில்லு ஆட்டம்: தோட்ட முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகப் பெருந்தோட்டங்களின் முகாமையாளர்களுக்கும் வாகனப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தோட்ட வேலைத்தளங்களில் உழவு இயந்திரங்களுக்கு அடியில் படுத்தே வயது போனவன் என்ற ஒரே உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். தேயிலைக் கொழுந்து ஏற்றும் பழைய மசி பெர்குசன் உழவு வண்டிகளின் முன்சில்லுகள் ஆடத் தொடங்கியவுடன், எதையும் சோதித்துப் பாராமல் ஸ்டியரிங் பெட்டியை (வளையத்தின் சுழற்சியைச் சில்லுகளுக்குக் கடத்தும் பற்சக்கரப் பெட்டியை) கழற்றச் சொல்லும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நான் கடைசியாக வேலை செய்த தோட்டத்தில் ஒரு மசி பெர்குசன் 135 மாதிரி வண்டி இருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) இறங்கும் பாதையில், வேகம் சற்றுக் கூடியதும் ஸ்டியரிங் வளையம் சாரதியின் கையை உதறும். பெட்டியை இறுக்கும்படி உத்தரவு வந்தது, இறுக்கினோம். நேர்ப்பாதையில் உதறல் குறைந்ததைப் போலத் தெரிந்தது, ஆனால் கொண்டை ஊசி வளைவில் வளையம் இறுகிப் பிடித்துக்கொண்டது. காரணம் எளிது. பெட்டிக்குள் இருக்கும் பற்கள், வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கின்றன. தேய்ந்த நடுவுக்கு அளவாக இறுக்கினால் தேயாத இரு ஓரங்களிலும் அது சிக்கும். பிறகு கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடையிலிருந்து பாவித்த பெட்டியொன்றை வாங்கிவந்து பூட்டினோம். செலவு போனது, ஆட்டம் போகவில்லை. கடைசியில் குற்றவாளி இடப்பக்கக் கிங்பின்னின் (சில்லு இடமும் வலமும் திரும்ப உதவும் நிமிர்ந்த தண்டின்) புஷ், அதாவது அதைச் சுற்றியுள்ள உலோகக் குழல், என்று தெரிந்தது. பெட்டிக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமேயில்லை. 2022 இல் ரூபாயின் பெறுமதி சரிந்த பின்னர் உதிரிப்பாகங்கள் என்ன விலை விற்கின்றன என்பதை உங்கள் கணக்குப் புத்தகங்களே சொல்லும்.

பரிசோதனைக்கு இரண்டு பேரும், ஒரு ஜக்கும், ஒரு கடப்பாரையும், ஒரு மணித்தியாலமும் போதும். மட்டமான இடம் வேண்டும். மலைநாட்டில் அதைத் தேடுவதே பாதி வேலை என்பதால் ஸ்டோர் முற்றத்தையே பயன்படுத்தலாம். பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முதலில் டயர்களைப் பார்க்க வேண்டும். இரண்டு முன்டயர்களிலும் காற்று சமமாக உள்ளதா, ஒரு டயர் ஒரு பக்கமாக மட்டும் தேய்ந்திருக்கிறதா, கல்லில் மோதி ரிம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ரிம்மின் வளைவைச் சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டே கண்டுகொள்ளலாம்.

அடுத்தது, சில்லுகள் தரையில் நிற்கும்போதே செய்ய வேண்டியது. ஒருவர் ஸ்டியரிங் வளையத்தை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைக்க, மற்றவர் ஸ்டியரிங் தண்டுகளின் முனைகளில் உள்ள ஒவ்வொரு பந்து மூட்டின் மீதும் கையை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி கைக்குத் தெரியும். பழைய 35, 135 வண்டிகளில் பின்னோக்கி வளைந்த அச்சு உள்ளவற்றுக்குப் பெட்டியின் இருபுறமும் ஒவ்வொரு இரும்புக் கை இறங்கி, தனித்தனித் தண்டு மூலம் தன் பக்கத்துச் சில்லைத் திருப்புகிறது. ஆகவே ஒரு சில்லு மட்டும் ஆடினால் அந்தப் பக்கத்து மூட்டுகளையும், கிங்பின்னின் மேல்முனையில் இரும்புக் கையை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டையும் முதலில் சந்தேகிக்கலாம். பெட்டியை வண்டியின் உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளே தளர்ந்திருந்ததையும் நான் கண்டிருக்கிறேன்.

அதிகம் பேர் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். அச்சின் அடியில் ஜக் வைத்துச் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைவு இருந்தால், அது ஹப் (சில்லின் நடுக்குடம்) பெயாரிங்கின் தளர்வாகவும் இருக்கலாம், கிங்பின் புஷ்ஷின் தேய்வாகவும் இருக்கலாம். கார் மெக்கானிக் பிரேக்கை மிதிக்கச் சொல்லி இரண்டையும் பிரித்தறிவார். இந்த வண்டிகளுக்கு முன்பிரேக் கிடையாது என்பதால் அந்த உபாயம் இங்கே உதவாது. சில்லின் பின்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும். ஹப் மட்டும் அசைந்து, அதைத் தாங்கும் தண்டு அசையாமல் நின்றால் பெயாரிங். தண்டும் சேர்ந்து அச்சின் துளைக்குள் சாய்ந்தால் புஷ். பெயாரிங்காயின், நட்டைச் சில்லு சுற்றச் சற்றே சிரமப்படும் வரை இறுக்கி, பின்னர் சிறிது தளர்த்திப் புதிய பிளவு ஊசி போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சுற்றும்போது கரகரத்தால் மட்டும் புதியது வேண்டும். அச்சை வண்டியின் முன்பகுதியோடு பிணைக்கும் நடுப்பின்னின் தேய்வை அறிய, எஞ்சினின் முன்பகுதியைத் தூக்கித் தாங்கி, அச்சைக் கடப்பாரையால் முன்னும் பின்னும் நெம்பிப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சரியான பிறகே சில்லுகளின் நேரை அளப்பதில் பொருளுண்டு. தேய்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு அளந்தால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு வரும். இரு டயர்களின் முன்பக்கத்திலும் ஹப் உயரத்தில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு இடைவெளியை அளந்து, அடையாளங்கள் பின்பக்கம் வரும்வரை வண்டியை உருட்டி மீண்டும் அளக்க வேண்டும். முன்பக்க அளவு, பின்பக்க அளவுக்குச் சமமாகவோ, அதிகபட்சம் கால் அங்குலம் குறைவாகவோ இருக்கலாம். முன்பக்கம் அகன்றிருந்தால் வண்டி அலையும்.

இன்னொன்றை உங்களிடமே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இது வேலைத்தளத்தில் தீர்வதல்ல. வண்டியின் பின்னால் இழுக்கும் இரண்டு சில்லுப் பெட்டியில் (டிரெயிலரில்) முன்பக்கமாகக் கொழுந்துச் சாக்குகளைக் குவித்தால், பாரம் கொக்கியை அழுத்தி வண்டியின் முன்பகுதியை மேலே கிளப்பிவிடும். ஏற்றத்தில் அது இன்னும் மோசமாகும். தரையை லேசாகவே தொடும் சில்லு திருப்பினாலும் கேட்காது, சிறு தளர்வையும் பெரிய ஆட்டமாகக் காட்டும். வெறும் வண்டியில் இல்லாத ஆட்டம் பாரத்தோடு வந்தால், பாரம் ஏற்றிய விதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டியிலேயே கொழுந்தெடுக்கும் பெண்களையும் மலைக்கு ஏற்றி அனுப்புகிறீர்கள் என்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர்.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன். வாரத்தில் ஒருநாள், காலைப் பிரட்டுக்கு (வேலை பகிரும் கூட்டத்துக்கு) முன்னர், சாரதிக்கும் உதவியாளருக்கும் இந்தப் பரிசோதனைக்கான நேரத்தைச் சம்பளத்தோடு கொடுங்கள். கிங்பின்னுக்கும் நடுப்பின்னுக்கும் கிறீஸ் அடிப்பதைச் சாரதியின் நினைவுக்கு விடாமல் புத்தகத்தில் பதிய வையுங்கள்; மழைக்காலத்தில் சேறும் நீரும் புகும் இடங்கள் அவைதான். சில்லு ஆடுகிறது என்று சாரதி சொல்லும் நாளில் வண்டியை நிறுத்தும் அதிகாரத்தை அவருக்கே கொடுங்கள். “ஓடுதுதானே, ஓட்டு” என்ற பதிலை எங்கள் காலத்தில் நாங்கள் நிறையவே கேட்டுவிட்டோம்.

புதிய ஸ்டியரிங் பெட்டிக்கான விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வரும்போது, சில்லைத் தூக்கிப் பார்த்தவர் யார், என்ன கண்டார் என்று கேட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட வேலைத்தளத் தொழிலாளி ஒருவர்,
அட்டன்.